எட்டு இடத்தில் நிறுத்திய வண்டி

அடி அண்ணாமலை
3.8.2025

செல்வத்துக்கு,

மேலே கறுப்பாக அடித்திருப்பது மை சிந்தியதில்லை. கை பழக்கத்தில் 'அன்புள்ள' என்று எழுதிவிட்டேன், அதைத்தான் அடித்தேன்.

உன் நம்பரை நான் பிளாக் செய்து பன்னிரண்டு நாளாகிறது. உன் மாமா போனுக்குக் கூப்பிட்டு, "அக்கா இருக்குதா?"ன்னு கேட்டாயாமே. இருக்கிறேன், பேச மாட்டேன். போனில் உன்னிடம் ஒன்றைக் கேட்க ஆரம்பித்தால், வைக்கும்போது நீ சொன்ன வேறு எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உன் வித்தை அது. காகிதத்தில் அது நடக்காது. கேட்டதற்குப் பதில் இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகத் தெரிந்துவிடும். அதனால் எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் சொல்.

மே மாதம் 11ஆம் தேதி, சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள், என் வண்டியில் புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டரை மாற்றினாய். பழையதில் சாம்பல் அடைத்துப்போய்விட்டது, கழுவினாலும் தேறாது என்றாய். "புத்தம் புதுசுக்கா. இனிமே ஒண்ணரை லட்சம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்க வேணாம்"னு சொல்லிவிட்டு, அடுத்த வாரமே செங்கம் ரோட்டு ஷெட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாய். சரியாகப் பத்தே வாரம். ஜூலை 20ஆம் தேதி, ஃபில்டர் அடைத்தால் டாஷ்போர்டில் வருமே, அதே மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. இப்போது ஏழு பேரை ஏற்றினால் வண்டி மேட்டில் இழுக்க மறுக்கிறது. மலையை நடந்து சுற்ற முடியாதவர்களைக் காரில் ஏற்றிச் சுற்றுவதுதான் என் பிழைப்பு. நடந்துபோகிறவர்கள் என் காரைத் தாண்டிப் போனால் யார் ஏறுவார்கள்?

மெக்கானிக் பிரகாஷ் வந்து பார்த்தான். "உள்ள இருக்கறத இடிச்சு எடுத்துட்டு வெறும் கூட்ட மாட்டிடலாங்க்கா. வெளியிலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, காலத்துக்கும் தொல்லை இல்ல"ன்னான். ஆடியில் வேண்டாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன். ஆவணி இரண்டாம் நாள், 18ஆம் தேதி திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குள் எனக்கு ஒரு வரி வேண்டும். நீ மாட்டியது புதிய ஃபில்டரா, பழையதா?

வண்டி போனால் இன்னொரு வண்டி வாங்கிக்கொள்வேன். தம்பியை எங்கே போய் வாங்குவது? அதற்காகத்தான் கேட்கிறேன்.

மதிவதனி

*

ஓசூர்
7.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அடிக்கவில்லை பார்.

முதலில், பிரகாஷை வண்டிக்கு அடியில் படுக்கவிடாதே. அவன் நல்லவன்தான், ஆனால் தலைவலி என்று போனால் தலையை எடுத்துவிடலாம் என்கிற ரகம். ஃபில்டருக்குள்ளே தேனடை மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன அறைகள் இருக்கின்றன. இன்ஜின் துப்புகிற கரியெல்லாம் அதில் தங்கிவிடும். அதை இடித்து எடுத்தால் அந்தக் கரி எங்கே போகும்? கிரிவலப் பாதையில் உன் காருக்குப் பின்னால் செருப்பில்லாமல் நடந்து வருகிறார்களே, அவர்கள் மூக்குக்குப் போகும். புகைச் சோதனையிலும் வண்டி தேறாது. போலீஸை விடு. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களை நினைத்துக்கொள்.

கரி சேர்வது நோயில்லை அக்கா. அளவுக்கு மேல் சேர்ந்தால் வண்டியே அதைச் சூடாக்கிச் சாம்பலாக எரித்துக்கொள்ளும். கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, புகை போகிற வழியைச் சூளை மாதிரி ஆக்கும். நீ கேட்காமலே, உனக்குச் சொல்லாமலே அது நடக்கும். உன் வண்டியில் அது நடக்கிறதா, நடக்கவில்லையா? நடந்தும் முடியாமல் நிற்கிறதா? இங்கே கம்பெனியில் நாளைக்கு நாற்பது வண்டி பார்க்கிறேன், ஒன்றைப் பற்றியும் இப்படித் தூக்கம் கெட்டு யோசித்ததில்லை.

நீதான் எனக்குக் கண்ணாக இருக்க வேண்டும். ஒரு வாரம் கவனித்து எழுது. வண்டி நிற்கும்போது இன்ஜின் சத்தம் காரணமில்லாமல் கூடுகிறதா? முன்பக்க ஃபேன் திடீரென்று பலமாக ஓடுகிறதா? எந்த இடத்தில்? சூடான வாசனை வருகிறதா? காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இது தெரிந்தாக வேண்டும். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

செல்வம்

*

அடி அண்ணாமலை
11.8.2025

செல்வத்துக்கு,

உன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். புதியதா பழையதா என்ற வரி எங்கேயும் இல்லை. 'வருகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். ஓசூரிலிருந்து நடந்தே வருகிறாய் போலிருக்கிறது.

ஆனாலும் நீ கேட்டதைக் கவனித்தேன். உனக்காக இல்லை. கவனிக்க ஆரம்பித்த பிறகு என்னால் விட முடியவில்லை.

நான்கு நாளில் ஆறு சுற்று போனேன். நான்கு சுற்றில் ஒரே மாதிரி நடந்தது. இந்திர லிங்கத்தில் கிளம்பும்போது வண்டி சாதுவாக இருக்கிறது. அக்னி லிங்கம் தாண்டி, ஆசிரமத்துப் பக்கம் ஆட்டோக்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது ஃபேன் பிடித்துக்கொள்கிறது. இன்ஜின் சத்தமும் கொஞ்சம் கூடுகிறது. இஸ்திரிப் பெட்டி சூட்டில் துணி கருகினால் வருமே, அந்த வாசனை. யம லிங்கம் வந்தால் அடங்கிவிடுகிறது. பிறகு வருண லிங்கத்துக்கு முன்னால் ஒரு தடவை, குபேர லிங்கத்துக்கு முன்னால் ஒரு தடவை அதே கூத்து. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை முழங்கால் வலியோடு வந்து முன் சீட்டில் உட்காரும் ஆராயி அம்மாதான் போன வாரமே இதை முதலில் சொன்னது. "அக்னி லிங்கம் வந்தா வண்டிக்கே ஜுரம் வருது பாரும்மா"ன்னாங்க. நான் சிரிக்கவில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

இன்னொன்று. இதில் உன்னால் என்னிடம் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஊரில் எல்லா வண்டியும் ஆயில் குடிக்கிறது, என் வண்டி குடிப்பதில்லை. நீ மே மாதம் ஊற்றும்போது இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. இன்றைக்கு மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் ஏறியிருக்கிறது. ஒரு சொட்டு நான் ஊற்றவில்லை. மாமா இதைப் பார்த்துவிட்டு, "அண்ணாமலையார் ஊத்தறார்டி"ன்னார். விளையாட்டுக்குத்தான் சொன்னார், ஆனால் அன்றைக்கு வண்டிக்கு ஒரு முழம் பூ கூடுதலாகப் போட்டேன்.

18ஆம் தேதி திங்கட்கிழமை. ஞாபகம் இருக்கட்டும்.

மதிவதனி

*

ஓசூர்
13.8.2025

அக்கா,

இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கிடைத்ததும் முதல் வேலையாக ஆயிலை மாற்று. மாற்றும் வரை வண்டியை எடுக்காதே.

அது அண்ணாமலையார் ஊற்றியது இல்லை. டீசல். கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசல் விடும் என்று எழுதினேன் அல்லவா? அந்த வேலை முடிவதற்குள் தடைபட்டால், எரியாத டீசல் கொஞ்சம் வழிந்து ஆயிலோடு சேர்ந்துவிடும். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் கணக்கில்லை. ஒரு விரல் ஏற வேண்டுமென்றால் எத்தனை தடவை தடைபட்டிருக்க வேண்டும்? ஆயில் தண்ணீராகிவிட்டால் இன்ஜினே போய்விடும். கம்பியை முகர்ந்து பார், டீசல் வாசனை அடிக்கும். புதிதாக ஊற்றுவது வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற, சாம்பல் கம்மியான ரகமாக இருக்கட்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க"ன்னு சொன்னால் அடுத்த கடைக்குப் போ.

ஆக, வண்டி எரிக்கப் பார்க்கிறது. திரும்பத் திரும்பப் பார்க்கிறது. யாரோ நடுவில் தடுக்கிறார்கள். ஒருமுறை ஆரம்பித்தால் இருபது நிமிடம் விடாமல் ஓட வேண்டும், அதுவும் கொஞ்சம் வேகமாக. யம லிங்கம் வந்தால் அடங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, தானாக அடங்குகிறதா? அதை மட்டும் பார்த்துச் சொல். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய். நீயே பார்.

மற்றது பிறகு.

செல்வம்

*

அடி அண்ணாமலை
20.8.2025

செல்வத்துக்கு,

திங்கட்கிழமை பிரகாஷ் சுத்தியலும் உளியுமாக வந்தான். டீ கொடுத்து, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று அனுப்பிவிட்டேன். "ஆடிக்கு ஒரு வாய்தா, ஆவணிக்கு ஒரு வாய்தாவா?"ன்னு கேட்டுக்கொண்டே போனான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

14ஆம் தேதி உன் கடிதம் வருவதற்கு முன்னால் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்திருந்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு, இன்னும் ஆறாத வண்டியில் போய் உட்கார்ந்தேன். யம லிங்கத்தில் அது தானாக அடங்குகிறதா? எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. என் வலது கைதான் அடக்குகிறது. சாவியைத் திருப்பி ஆஃப் செய்கிறேன். யம லிங்கத்தில் மட்டும் இல்லை, எட்டு லிங்கத்திலும். சாமிக்கு எதிரே இன்ஜின் உறுமக் கூடாது என்று முதல் நாளிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். ஏறுகிறவர்களுக்கும் அது பிடிக்கும். இறங்கிக் கும்பிட்டுவிட்டு வருவார்கள், மறுபடி சாவி. ஒரு சுற்றுக்கு எட்டு தடவை, ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. ஒரு லிங்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே பத்து நிமிடம்கூட இல்லை. அந்த வண்டி அடுப்பைப் பற்றவைக்கப் பற்றவைக்க நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறேன்.

இதில் இன்னும் கேவலம் ஒன்று இருக்கிறது. ஜுரம் வருகிறது என்று பயந்து, ஃபேன் ஓட ஆரம்பித்தாலே லிங்கம் வருவதற்கு முன்னால்கூட ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டுத்தான் எடுப்பேன். வண்டியை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு அதைச் செய்தேன்.

ஆயில் மாற்றினேன். பழையது தண்ணீர் மாதிரிதான் கொட்டியது, டீசல் நெடி. அப்புறம் நேற்று விடியற்காலையில் ஆள் ஏற்றாமல் செங்கம் ரோட்டைப் பிடித்தேன். நான்காவது கியர், அறுபதுக்குக் குறையாமல். பத்தாவது கிலோமீட்டரில் அந்த வாசனை வந்தது. ஓடும் மைலேஜ் காட்டுகிற எண் பாதியாக இறங்கியது. காலை பிரேக்குக்குப் போகாமல் பிடித்து வைப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? செங்கத்தில் நம் டீக்கடை திறந்திருந்தது, கடைக்காரர் கைகூட காட்டினார். நிற்கவில்லை. சிங்காரப்பேட்டை போவதற்குள் வாசனை போய், எண் பழையபடி ஏறியது. மஞ்சள் விளக்கு இல்லை. ரோட்டோரம் நின்று அந்த விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினை ஆஃப் செய்யாமல்தான்.

லிங்கத்தில் ஆஃப் செய்வதை நான் விடப் போவதில்லை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை சிங்காரப்பேட்டை வரை அதற்கு ஒரு ஓட்டம் உண்டு. ஆராயி அம்மா, "வண்டிக்கும் ஒரு வேண்டுதல் ஆயிப்போச்சு"ன்னாங்க.

ஆக, என் வண்டியை நானே கெடுத்தேன். உன்மேல் பழி போட்டு ஊரெல்லாம் சொன்னேன், மாமாவிடமும் சொன்னேன். என் தப்பை எழுத்தில் எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை.

மதிவதனி

*

ஓசூர்
25.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எட்டு லிங்கமும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிட்டன என்று நினைத்தேன். அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். பிறகு அந்த நிம்மதியே அசிங்கமாகிவிட்டது. மூன்று காகிதம் கிழித்தாயிற்று, இது நான்காவது.

நான் மாட்டியது பழைய ஃபில்டர்.

நீ சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள் காலையில் ஷெட் வாசலில் வந்து நின்றாய். சென்னையிலிருந்து ஏழு பேர் வருகிறார்கள், சாயங்காலம் வண்டி வேண்டும் என்றாய். புதியது இரண்டு நாள் முன்பே வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம்தான் எல்லார் முன்னாலும், "என் தம்பி சொன்னா சொன்ன நேரத்துக்குக் குடுப்பான்"னு பேசியிருந்தாய். என் வாயிலிருந்து "வரலக்கா" என்று வரவில்லை. விபத்தில் சிக்கிய ஒரு வண்டியிலிருந்து கழற்றியது ஒன்று ஷெட்டில் இருந்தது. அதைக் கழுவி, காற்றடித்து, எடை பார்த்து மாட்டினேன். ஓடும் என்று நம்பினேன். இரண்டு நாளில் மாற்றிவிடலாம், உனக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன்.

புதியது நான்கு நாள் கழித்து வந்தது. நீ தினமும் ஓட்டிக்கொண்டிருந்தாய், விளக்கும் எரியவில்லை. மாற்ற வேண்டுமென்றால் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். அதற்குள் வேலை உத்தரவு வந்துவிட்டது. அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓசூர் வந்தேன். இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, சீல்கூடப் பிரிக்கவில்லை. தினமும் படுக்கும்போது முதுகில் உறுத்துகிறது. கட்டில் உயரம்தான், ஆனாலும் உறுத்துகிறது.

நீ நிறுத்தி நிறுத்தி எடுத்தது காரணம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் கழுவிய ஃபில்டரில் பழைய சாம்பல் கொஞ்சம் தங்கியே இருக்கும், அது எரியாது. புதியதாக இருந்திருந்தால் பத்து வாரத்தில் திணறியிருக்காது. பாதி உன் கை, பாதி என் வாய்.

முதல் கடிதத்திலேயே நீ ஒரு வரி கேட்டாய். நான் நான்கு கேள்வி திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்விகளெல்லாம் உண்மையான கேள்விகள்தான் அக்கா, எனக்குத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும் உண்மை.

செப்டம்பர் 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன். மாட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். நீ வீட்டுக்குள் கூப்பிடாவிட்டாலும் சரி.

செல்வம்

*

அடி அண்ணாமலை
30.8.2025

அன்புள்ள செல்வத்துக்கு,

எனக்குத் தெரியும்.

ஜூலை 21ஆம் தேதி, விளக்கு எரிந்த மறுநாள், வண்டிக்கு அடியில் துணி விரித்துப் படுத்தேன். ஃபில்டர் கூட்டில் இருந்த கரியைத் துடைத்துவிட்டு, கையை நீட்டிப் போனில் போட்டோ எடுத்தேன். தகட்டில் வருடம் அடித்திருந்தது. என் வண்டி 2021இல் செய்தது. நீ 'புத்தம் புதுசு' என்று மாட்டியது 2020. வண்டிக்கு அது அக்கா முறை. மறுநாள் உன் நம்பரை பிளாக் செய்தேன்.

பிறகு ஏன் கேட்டாய் என்று கேட்பாய். ஃபில்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் கேட்கவில்லை. நீ சொல்வாயா என்று பார்க்கத்தான் கேட்டேன். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் ஆயில், ஃபேன், டீசல் என்று தாண்டித் தாண்டி அந்த ஒரு வரியைத்தான் தேடினேன். இடையில் எனக்கே அந்த ஆயில் கதையில் ஆசை வந்துவிட்டது, அது வேறு. கோபமாக இருந்தேன். பயமாகவும் இருந்தது. எட்டு லிங்கத்தைக் கண்டுபிடித்ததும், இனிமேல் நீ தப்பித்துக்கொள்வாய், என் தம்பியிடமிருந்து அந்த வரி வரவே வராது என்று அழுதேன். அப்படியும் எழுதித்தான் அனுப்பினேன். என் தப்பை மறைத்து வைத்துக்கொண்டு உன் தப்பைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

25ஆம் தேதிக் கடிதத்தை மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். 'முதுகில் உறுத்துகிறது' என்ற இடத்தில் சிரித்துவிட்டார். நானும்தான். பார், காகிதத்திலும் உன் வித்தை நடக்கிறது.

என்மேலும் ஒன்று இருக்கிறது. எல்லார் முன்னாலும் உன்னைத் தூக்கி வைத்துப் பேசி, 'முடியாது' என்று சொல்ல உனக்கு இடமில்லாமல் செய்தது நான். இனிமேல் வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல். நான் கத்துவேன். கத்திவிட்டு டீ போடுவேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வராதே. அதைக் கீழே மேலே போட்டால் உள்ளே இருப்பது உடைந்துவிடும் என்று பிரகாஷ் சொல்கிறான். அதிசயமாகச் சரியாகச் சொல்கிறான். நீ சொன்ன 7ஆம் தேதி ஞாயிறு பௌர்ணமி, எனக்குக் கை ஓயாது. அதற்கடுத்த ஞாயிறு, 14ஆம் தேதி, விடியற்காலை நானே கிளம்புகிறேன். செங்கம், சிங்காரப்பேட்டை, கிருஷ்ணகிரி, ஓசூர். நல்ல நீளமான ரோடு, வண்டிக்கும் வேண்டியதுதான். அங்கேயே மாட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து தகட்டில் வருடம் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். வழியில் கூப்பிட்டு எங்கே வருகிறாய் என்று கேட்காதே. எடுக்க மாட்டேன். டீக்கடைக்காரர் கை காட்டினாலும் நிற்க மாட்டேன்.

உன் அறை வாசலில் வந்துதான் சாவியைத் திருப்புவேன்.

உன் அக்கா
மதிவதனி